ஜும்முக்கும் ஜம்முக்கும் நடுவே

என் வயதுக்காரர்களே, நீங்கள் எல்லாரும் இப்போது கைப்பேசியில் ஒரு குழு வைத்துக்கொண்டு பழைய ஓசூரைப் பற்றி எழுதித் தள்ளுகிறீர்கள். பனி மூடிய காலை, ரோஜாத் தோட்டம், டூரிங் டாக்கீஸ், ஏரிக்கரை. படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேக்டரிகள் வருவதற்கு முன்னால் ஊர் சொர்க்கமாக இருந்ததாம். உங்களுக்கு இருந்திருக்கும். நானும் அதே அறுபதுகளின் கடைசியில், அதே ஊரில், உங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன். எனக்கு அந்தக் காலத்திலிருந்து மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். அது தமிழ்ச் சொல்கூட இல்லை.

ஐந்தாம் வகுப்புத் தமிழ் வாத்தியாரை மறந்திருக்க மாட்டீர்கள். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் என்பதைத் தன் சொந்தக் கெட்ட காலமாகவே எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் ஐப்பசி மழையில் பள்ளிக்கூட ஓடு ஒழுகிக்கொண்டிருந்தபோது இரட்டைக்கிளவி நடத்தினார். சலசல, படபட, கமகம. இரட்டையாகவே வரும், பிரித்தால் பொருள் தராது. இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் சேர்த்து எழுதி வாருங்கள், யார் நோட்டு பெரியது என்று பார்க்கிறேன் என்றார். நீங்கள் எல்லாம் இருபதோடு நிறுத்திவிட்டீர்கள். நான் நிறுத்தவில்லை. சொரசொர, வழவழ, பிசுபிசு, நமநம, குறுகுறு என்று கையில் படுவது, நாக்கில் படுவது, தொண்டையில் படுவது எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதும்போது அது உடம்பில் நடந்தது. நமநம என்று எழுதினால் தொண்டை அரித்தது. சுரீர் இரட்டையில்லை என்று தெரிந்தும் அதையும் எழுதினேன், எழுதிவிட்டு விரலை உதறிக்கொண்டேன். அந்த நோட்டில் எனக்கு அத்தனை கர்வம்.

சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம். சின்னம்மா என்றால் அப்பாவின் தம்பி மனைவி, ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பெண். சித்தப்பா தோட்டத்து பீன்ஸையும் முட்டைக்கோஸையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர். போகிற வழியில் ஒரு மாதா கோயில் திருவிழாவில் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று நின்றார். நம்மைப் போல வேதக்காரப் பெண்ணாக, கிறிஸ்தவப் பெண்ணாக இருந்தால் போதும், பாஷை பின்னால் வரும் என்று அப்பா சொன்னார். பாஷை வந்தது. ஆனால் சத்தங்கள் மட்டும் வரவில்லை.

புரியவில்லையா? ஒரு பாஷையைக் கற்றுக்கொள்ளும்போது வீடு, மாடு, சோறு எல்லாம் முதலில் வந்துவிடும். மழை எப்படிப் பெய்கிறது, நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்பதெல்லாம் பிறந்த பாஷையிலேயே தங்கிவிடும். நமக்கு மழை சோவென்று கொட்டும், சின்னம்மாவுக்கு தோவென்று கொட்டியது. நமக்கு நெஞ்சு படபடக்கும், அவளுக்கு டவடவ என்றது. எல்லாவற்றையும்விட வேடிக்கை அழுகைதான். கன்னடத்தில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதால் களகள என்று அழுதார் என்பார்கள். நமக்குக் கலகல என்றால் சிரிப்பு. சின்னம்மா ஒரு நாள் தொட்டிலிலிருந்து தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, தம்பி களகளன்னு அழுவுது!"

"அழுவுதா, சிரிக்குதா? ஏதாவது ஒண்ணு சொல்லு" என்றாள் என் அம்மா.

வீடே சிரித்தது. எங்கள் தமிழே பாதி தெலுங்கும் பாதி கன்னடமுமாகக் கிடந்த தமிழ். இருந்தாலும் நாங்கள் சிரிப்பதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. சின்னம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து சிரித்தாள். கமகம என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு பாஷைக்கும் பொது என்று தெரிந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குழம்பு கமகம, துவைத்த துணி கமகம, பிள்ளையின் உச்சந்தலையும் கமகம.

அவளை எங்கள் வீட்டில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பாராட்டினார்கள். களி உருட்டுவது. ராகிக் களியைக் கிளறி இறக்கியதும் கொதிக்கக் கொதிக்க உருண்டை பிடிக்க வேண்டும். ஆறினால் வராது. ஒவ்வொரு உருண்டைக்கும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஊதிக்கொண்டு, கைக்குக் கை மாற்றிக்கொண்டுதான் யாரும் பிடிப்பார்கள். சின்னம்மா தண்ணீரே தொடாமல் பிடித்தாள். ஆவி பறக்கிற களியை வலது கையால் அள்ளி, பேச்சை நிறுத்தாமல் உருட்டி வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களை அம்மா கூப்பிட்டுக் காட்டுவாள்.

"கையா இது, இரும்பா பாருங்க. நம்மூர்ல எவளுக்கு வரும் இப்படி?"

வந்த புதிதில் அவளும் எல்லாரையும் போலத் தண்ணீர் தொட்டு, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டுதான் உருட்டினாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த உஸ் எப்போது நின்றது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

கார்த்திகைக் குளிரில் ஒரு நாள் துவைக்கிற கல்லடியில் என்னிடம்தான் முதலில் சொன்னாள்: "கை ஜும் அந்ததே." சுண்டுவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் காட்டினாள். எனக்குப் புரிந்தது. கோயிலில் பூசை நீளும்போது முட்டி போட்ட காலில் வருமே, எறும்பு ஊறுகிற மாதிரி ஆரம்பித்து அப்புறம் கால் நம்முடையதே இல்லை என்பது மாதிரி ஆகிவிடுமே, அதுதான் ஜும். எங்கள் வீட்டில் அதை மதமத என்போம். கை மதமதன்னு இருக்குது. அந்தச் சொல் என் நோட்டில் இருந்தது. வாத்தியார் அதற்கு எதிரே சிவப்பு மையில் டிக் போட்டு, நன்று என்றுகூட எழுதியிருந்தார்.

அம்மாவிடம் சொன்னபோது குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள். அடுத்த வாரமும் விடாமல் இருந்ததால், நீ கூடப் போய் அவ பேசறதை எடுத்துச் சொல்லு என்று என்னை அனுப்பினாள். சந்தைத் தெருவில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. அன்றைக்கு டாக்டர் வரவில்லை, கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். சுவரோரப் பெஞ்சு நிறைய ஆட்கள்.

"என்னம்மா உடம்புக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மாவே பேசிவிட்டாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது.

"கை ஜும்முன்னு இருக்குது."

"எப்படி இருக்குது?"

"ஜும்முன்னு."

கம்பவுண்டர் பேனாவைக் கீழே வைத்தார். பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "கை ஜம்முன்னு இருக்குதாம்பா! ஜம்முன்னு இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஏம்மா வந்தே? வளையல் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போ."

பெஞ்சு சிரித்தது. அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "ஏம் பாப்பா, என்னதான் சொல்றாங்க உங்க சின்னம்மா?"

சொல் என் வாயில்தான் இருந்தது. ம என்று உதட்டைச் சேர்த்துவிட்டேன். அப்போது பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பை நிறுத்த மனசில்லாத முகங்கள். இன்னும் ஒன்று கிடைக்குமா என்று காத்திருந்தார்கள். நான் அதைக் கொடுத்தேன்.

"ஜம்முன்னுதான் இருக்குதாம் சார்."

ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பெரியவர்களை அதற்குமுன் நான் சிரிக்கவைத்ததே இல்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு வீடு வரைக்கும் இருந்தது. கம்பவுண்டர் ஏதோ ஒரு தைலமும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். வழியில் சின்னம்மா, "ஏனந்த்ரு?" என்று கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று. சரியாப் போயிடுமாம் என்றேன்.

பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். என் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். பத்து வயசுக்கு எல்லாம் தெரியும். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும், இரண்டு சொல்லும் தெரியும், எது சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் தெரியும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கதையை நடித்தே காட்டினேன். அப்பாவுக்குப் புரையேறியது. மறுநாளிலிருந்து சித்தப்பா அவளை ஜம்மு என்று கூப்பிட ஆரம்பித்தார். ஜம்மு, தண்ணி கொண்டா. ஜம்மு, பிள்ளையப் பாரு. அம்மாவும் கூப்பிட்டாள், பால்காரனும் கூப்பிட்டான். கூப்பிட்ட எல்லாருக்கும் சின்னம்மா ஏன் என்று குரல் கொடுத்தாள். கையைப் பற்றி அதற்கப்புறம் அவள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் வேறொன்று செய்தாள். ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நங்கெ தமிளு ஹேள்கொடு" என்றாள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடு. எந்தத் தமிழ் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நோட்டை எடுத்துவந்தேன். வாத்தியார் மாதிரியே குரலை வைத்துக்கொண்டு நடத்தினேன். சொன்னால் மட்டும் போதாது என்று செய்தும் காட்டினேன். முள்ளால் குத்தி, இது சுருக். விளக்குக் கண்ணாடியில் விரலை வைத்து எடுக்கச் சொல்லி, இது சுரீர். தேங்காய் நாரால் தேய்த்து, இது சொரசொர. நான்கே நாளில் எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொன்னாள். இடது கையில் குத்தினால் உடனே சொன்னாள். வலது கையில் குத்தும்போது என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொன்னாள். நல்ல மாணவி, யோசித்துச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாசம், பொங்கல் கழிந்து, இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். குஷ்ட நோய்க்கு வீடு வீடாகப் பரிசோதனை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், அந்த நோய் என்பார்கள். வாசலில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தார்கள். ஒருவர் கையில் கோழி இறகும் குண்டூசியும் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவர் தொட்ட இடத்தை நாம் விரலால் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பெரியவர்கள் முறை வந்தபோது அம்மா மறித்தாள்.

"பொம்பளைங்க ஆம்பள முன்னால கண்ண மூடிக்கிட்டு நிக்கறதா? தொறந்தே பாருங்க, என்ன இப்போ?"

அவருக்குத் தெருவில் இன்னும் எத்தனையோ வீடு இருந்தது. சரி என்றுவிட்டார். சின்னம்மா என் காதோரம், "ஏனு கேள்தாரெ?" என்றாள். என்ன கேட்கிறார். நான் சொன்னேன், ஊசி வச்சா சுருக்குன்னு சொல்லணும், அவ்வளவுதான். தன் மாணவியை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துகிற வாத்தியாரின் படபடப்பு எனக்கு இருந்தது.

"இங்க?"

"சுருக்குன்னுது."

"இங்க?"

"சுருக்குன்னுது."

முழங்கைக்குக் கீழே வெளுப்பாக ஒரு வட்டம் இருந்தது. "இதென்னம்மா?" என்றார். "தேமல்" என்று அம்மா பதில் சொன்னாள். அதன் நடுவில் ஊசியை வைத்தார். சின்னம்மா ஊசியைப் பார்த்தாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சுருக்குன்னு இருக்குதுங்க."

அவர் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே, "கன்னடக்காரங்களா? தமிழ் நல்லாப் பேசறீங்களேம்மா" என்றார். சின்னம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் தேடிப் பார்த்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் பரீட்சையில் பாஸ்.

பயந்துகொண்டு மறைத்தாளா என்று பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. பயந்தவள் முகம் அப்படி இருக்காது. அவளுக்கு அது தமிழ்ப் பரீட்சை. எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக அவளுக்கு நடந்ததெல்லாம் தமிழ்ப் பரீட்சைதானே.

மாசியில் ஒரு காலை. அடுப்பிலிருந்து களிப் பானையை இறக்கி வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சின்னம்மா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொய் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு வாடை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சின்னம்மாவின் வலது சுண்டுவிரல் பானையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மா பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தாள். தோல் பானையோடு நின்றுவிட்டது. சின்னம்மா முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் விரலைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் சொன்னாள்.

"சுரீர்னுது, அக்கா."

சரியான சொல். ஆனால் நாம் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் கழித்து வந்தது. அம்மாவுக்கு அந்த இடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. பிடித்திருந்த கையை விட்டாள். எழுந்துபோய்ச் சுவரோரம் நின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்றுகொண்டுதான் பேசினாள்.

"ஏசுவே, இத்தன நாளும் இந்தக் கையாலதான தின்னோம்."

கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பார்த்த டாக்டர், ஆரம்பம்தான், மாத்திரை தினமும் போட்டால் அடங்கிவிடும், இரண்டு மூன்று மாசம் முன்னால் வந்திருந்தால் விரலும் மடங்காமல் காப்பாற்றியிருக்கலாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் சித்தப்பா அவளை ஆனேக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளையைக் கொடுக்கவில்லை. பால்குடி மறக்காத பிள்ளை. களித் துடுப்பையும் பானையையும் அம்மா குப்பைமேட்டில் போட்டு எரித்தாள், உடைத்தாள். அன்று பூராவும் பிள்ளை அழுதது. களகள என்றுதான் அழுதது. அந்த அழுகைக்கு அதைவிடச் சரியான சொல் எனக்கு எந்தப் பாஷையிலும் கிடைக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவசுகாலத்தில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் அவள் பேச்சை எடுப்பதில்லை என்று ஆயிற்று. கன்னடமும் நின்றுபோயிற்று. பால்காரன் கன்னடத்தில் பேசினால்கூட அம்மா தமிழில்தான் பதில் சொன்னாள். பிள்ளை என் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தான். நல்ல சுத்தமான தமிழ் பேசினான். எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பேசினான்.

அவனுக்கு நான்கு வயசு முடிந்திருந்த சமயம் எங்கள் கோயில் திருவிழா வந்தது. தேர் புறப்பட நேரம் இருந்தது. அம்மா பத்தடி தள்ளி மெழுகுவத்தி வாங்கிக்கொண்டிருந்தாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பலூன்காரன் பக்கத்தில் நின்றேன். கூட்டத்துக்கு வெளியே, மதில் ஓரத்தில், வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இளைத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, முகம் அதே முகம்தான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அவனைத்தான் பார்த்தாள். இரண்டடி முன்னால் வந்தாள். வந்தவள் அங்கேயே நின்றுகொண்டாள்.

"முட்டல்ல" என்றாள். "நோட்கொண்டு ஹோக்தீனி, அஷ்டே."

தொட மாட்டேன். பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன், அவ்வளவுதான்.

அவன் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, அவங்க என்ன சொல்றாங்க?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். மெழுகுவத்தியை எண்ணி வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பப் போகிறாள்.

"வழி கேக்கறாங்க" என்றேன்.

அவன் நல்ல குணமுள்ள பிள்ளை. யாராவது ஏதாவது கேட்டால் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன். என் கையை உதறிவிட்டு, கையை நீளமாக நீட்டி, பாஷை தெரியாதவர்களிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொன்னான்.

"பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்மா. நேராப் போவணும்."

சின்னம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். சரி என்று அவனுக்குத் தலையாட்டினாள். பிறகு அவன் கை காட்டிய பக்கமே நேராக நடந்து போனாள்.